அவருக்குக் கடல் தெரியும் என்றேன்

நாங்கள் பழவேற்காடு லைட்ஹவுஸ் குப்பத்து மீனவக் குடும்பம். சென்ற ஆண்டு மகள் ஏற்பாடு செய்து, என்னையும் வீட்டுக்காரரையும் ஒரு குழுவோடு இங்கிலாந்து சுற்றுலாவுக்கு அனுப்பினாள். பகலெல்லாம் கோட்டை, அரண்மனை என்று பஸ்ஸில் அலைச்சல். கடலோர ஊர் ஒன்றில் மாலையில் நடக்கவிருந்த ஆட்டம்பாட்டத்துக்காகத்தான் நான் ஆசையாகக் காத்திருந்தேன்.

அந்த ஊரில் கடல் வெகுதூரம் உள்வாங்கிக் கிடந்தது. பார்த்ததும் இவர் பேன்ட்டை மடித்துக்கொண்டு இறங்கிவிட்டார்.

"வேணாம்ணே, தண்ணி சட்டுனு ஏறிடும்" என்றார் எங்கள் வழிகாட்டித் தம்பி.

நான்தான் முந்திக்கொண்டு, "கடல்லயே பொழைக்கிற மனுசனுக்கு நீ இன்னா சொல்றது? வுடுப்பா" என்றேன்.

எங்கள் கரையில் தண்ணீர் ஏறினாலும் இறங்கினாலும் கொஞ்சம் மணல்தான் வித்தியாசம். அங்கேயோ பக்கத்துப் பள்ளம் வழியாகப் புகுந்து, அவருக்குப் பின்னால் சூழ்ந்துகொண்டது. மீட்புப் படகு போய்த்தான் அவரைத் தூக்கி வந்தது. அதற்குள் ஆட்டமும் முடிந்துபோனது. காத்திருந்த மொத்தக் குழுவும் பஸ்ஸில் எங்களை முறைத்தது. போதாததற்கு இவர் வேறு, "நீயாவது தடுத்திருக்கலாம்ல?" என்று என்மேல் பாய்ந்தார். எரிச்சலில் எனக்கு அழுகையே வந்துவிட்டது.

எங்கள் முகத்துவாரத்தில் குளிக்க இறங்கும் வெளியூர்க்காரர்களிடம் முன்பெல்லாம் ஆபத்து என்று ஒருமுறை சொல்லிவிட்டு என் வேலையைப் பார்க்கப் போய்விடுவேன். இப்போது அவர்கள் கரையேறும்வரை நகர்வதில்லை. "அவருக்கு நல்லா நீச்சல் தெரியும்ங்க" என்று மனைவி யாராவது சொன்னால், முதல் சண்டை அந்த அம்மாவோடுதான்.