காகிதம் ஏற்றாத மிஷின்

கலியமூர்த்திக்கு வேலை கிடைத்த செய்தி பாகூரில் பரவியபோது, "எந்த ஆபீசு?" என்றுதான் எல்லோரும் கேட்டார்கள். அவன் அம்மா அன்னக்கிளிக்கு என்ன சொல்வதென்று தெரியவில்லை. "வூட்டுலியே ஆபீசாம்" என்றாள். கேட்டவர்கள் சிரிக்கவில்லை. அதற்குமேல் எதையும் கேட்கவும் இல்லை. பி.ஏ. படித்தும் பையனுக்கு வேலை கிடைக்காததை அவள் பூசி மெழுகுகிறாள் என்று நினைத்துக்கொண்டார்கள்.

அவள் சொன்னது உண்மைதான். பிரெஞ்சுக்காரர்கள் போய் நாலைந்து வருஷம் ஆகியிருந்தது. ஆனாலும் நிலத்துப் பத்திரங்கள் எல்லாம் பிரெஞ்சில்தான் இருந்தன. அவற்றை இங்கிலீஷில் பெயர்த்து டைப் அடித்துக் கொடுக்க பாண்டிச்சேரி டவுனில் ஒரு வக்கீல் ஆள் தேடினார். கலியமூர்த்திக்கு இரண்டு பாஷையும் வரும், டைப்பும் வரும். வக்கீல் வீட்டு ஆபீசில் இன்னொரு மேசை போடத்தான் இடம் இல்லை. குமாஸ்தா கோவிந்தசாமி ஒரு வழி சொன்னார்.

"மிஷினத் தூக்கினு போயி ஒன் ரூம்லியே வச்சி அடிப்பா. நானே வந்து வாங்கிக்கிறேன். ஆனா ஒண்ணு, மிஷின் ஆபீசு சொத்து. வேல ஒழுங்கா வந்தா அது ஒன்கிட்ட இருக்கும். வரலன்னா வேற ஆள் வூட்டுக்குப் போயிடும்."

ரிக்‌ஷாவில் மடியில் குழந்தையைப் போல அதை வைத்துக்கொண்டு அவன் வந்து இறங்கிய இடம், டவுனின் தெற்கே முஸ்லிம் தெருவில் ஹிதாயத்துல்லா பாயின் வீடு. பெரிய மார்க்கெட் பக்கம் பாய்க்குக் கைலிக் கடை. வீட்டின் பக்கவாட்டில், சந்துப் பக்கம் பார்த்த தனி வாசலோடு ஓர் அறை சும்மா கிடந்தது. அதைத்தான் அவனுக்கு வாடகைக்கு விட்டிருந்தார். அந்த அறைக்கு முற்றத்துப் பக்கம் ஒரு ஜன்னல் உண்டு. பிரெஞ்சுக் காலத்து மரக்கதவு, சாய்வுச் சட்டங்கள் வைத்தது. "இத மட்டும் தெறக்க வேணாம் தம்பி, வீட்ல பொம்பளைங்க பொழங்கற எடம்" என்று பாய் முதல் நாளே சொல்லிவிட்டார். கலியமூர்த்தி அதைத் திறந்ததே இல்லை. மேசையைக்கூட எதிர்ப்பக்கம், சந்து வாசலை ஒட்டித்தான் போட்டிருந்தான். சட்டங்களின் இடுக்கில் பழைய பத்திரிகைத் தாளை ஒட்டியும் வைத்திருந்தான். அதைப் பாயிடம் சொல்லலாமா என்று ஒருநாள் யோசித்தான். பார்க்கவில்லை என்று தானாகப் போய்ச் சொன்னால், பார்க்க நினைத்தவன் என்றல்லவா ஆகிவிடும்? சொல்லாமலே விட்டான்.

முதல் மாதத்தில் அப்பா சின்னக்கண்ணு அரிசி மூட்டையோடு வந்தார். விடிந்ததும் குளித்துவிட்டுத் தரையில் உட்கார்ந்து மகனையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"எப்பக் கெளம்புவ?"

"எங்கப்பா?"

"வேலைக்குத்தான்."

"இதாம்பா வேல."

அவர் சற்றுத் தள்ளி உட்கார்ந்துகொண்டார், வேலைக்கு இடம் விடுவதுபோல. கலியமூர்த்தி ஒரு வரி அடித்தான். அடுத்த பிரெஞ்சுச் சொல்லுக்கு ஈடாக ஒன்று வரவில்லை. கூரையைப் பார்த்தான்.

"மேல இன்னாத்தப் பாக்கற?"

"யோசிக்கிறேம்பா."

"யோசிக்கறதுக்குக் கூலி குடுக்கறானா?"

"அடிச்சாத்தான் குடுப்பாங்க."

"அப்ப அடி."

அன்று மத்தியானமே அவர் பஸ் ஏறிவிட்டார். உழுகிறவனை வரப்பில் நின்று பார்க்கலாம், களை பறிப்பவளைப் பார்க்கலாம். கூரையைப் பார்க்கிறவனை எவ்வளவு நேரம் பார்ப்பது?

அப்பா கேட்டதில் தப்பில்லை என்றே கலியமூர்த்திக்கும் பட்டது. யாருமில்லாத அறையில் ஒருவன் வேலை செய்கிறான் என்பதை யார் பார்த்தார்கள்? அவனே சரியாகப் பார்த்ததில்லை. காலையில் ஓட்டலில் இட்லி தின்றுவிட்டு வந்ததும் ஆரம்பித்துவிடுவது என்று முடிவு செய்வான். வந்ததும் மேசையைத் துடைப்பான். துடைத்த துணியைக் கசக்கிக் கொடியில் போடுவான். தாளை ஏற்றிய பிறகு, அது கோணலாக ஏறியிருப்பதாகத் தோன்றும். எடுத்து மறுபடி ஏற்றுவான். தாகம் எடுக்கும். தண்ணீர் குடித்த தம்ளரில் எறும்பு ஏறும். அந்த எறும்பு எங்கிருந்து வருகிறது என்று பார்த்துக்கொண்டே போனால் சுவரோரம், அங்கிருந்து நிலைப்படி, அங்கே சற்று நேரம். கொஞ்சம் படுத்து எழுந்தால் தெளிவாக இருக்கும் என்று படுப்பான். எழுந்தால் வெயில் இறங்கியிருக்கும். கூடப் படித்தவர்கள் மெட்ராசில் இருந்தார்கள். ஓட்டல் சர்வரிடமும் கோவிந்தசாமியிடமும் பேசுவதைத் தவிர அவனுக்குப் பேச்சு இல்லை. சில நாள் சாயங்காலம் ஓட்டலில் "ஒரு காபி" என்று சொல்லும்போதுதான் அன்றைக்கு வாய் திறக்கிறோம் என்பதே தெரியும். குரல் கம்மி வெளிவரும்.

அப்படி ஒரு நாளில்தான் அவன் அதைக் கண்டுபிடித்தான்.

பத்திரத்தில் ஒரு நீளமான பத்தியை வரி வரியாக அடித்துக்கொண்டிருந்தான். எல்லை விவரம், யோசிக்க எதுவும் இல்லை. முற்றத்தில் கிணற்று வாளி இறங்கும் சத்தம் கேட்டது. அதன்பின் பேச்சு, சிரிப்பு. பத்தி முடிந்தது. விரல் நின்றது. பேச்சும் நின்றது. காலடிகள் உள்ளே போயின. தற்செயல் என்று நினைத்தான். அடுத்த பத்தியை ஆரம்பித்தான். கொஞ்ச நேரத்தில் மறுபடி வாளி. நிறுத்தினான். மறுபடி அமைதி.

புரிய அதிக நேரம் ஆகவில்லை. மிஷின் ஓடினால் அவன் மேசையில் இருக்கிறான். ஓடாவிட்டால் எங்கே இருக்கிறான், ஜன்னல் பக்கம் நிற்கிறானா என்று யாருக்குத் தெரியும்? அந்த வீட்டுப் பெண்கள் மிஷின் சத்தத்தை வைத்துத்தான் முற்றத்துக்கு வந்துபோனார்கள்.

இரண்டு குரல்கள். ஒன்று பாயின் மனைவி ரமீஜா. மற்றது அவளுடைய தங்கை சலீமா. அக்காவை 'லாத்தா' என்று கூப்பிடுவாள். முகம் எதையும் அவன் பார்த்ததில்லை, பார்க்கவும் விரும்பவில்லை. குரல்கள் போதுமாக இருந்தன. மீன்காரி ஏமாற்றியதையும், கொடியில் காய்ந்த துணியைக் காகம் தூக்கியதையும் ரமீஜா சொன்னால் கூத்துப் பார்ப்பதுபோல இருக்கும். ஒருநாள் அவனையே பேசினார்கள்.

"அந்தப் புள்ள என்னத்தத்தான் இப்படி அடிக்குது? கை வலிக்காது?"

"பாண்டிச்சேரி கெவுருமெண்டே அந்த ரூம்புல இருந்துதான் நடக்குது லாத்தா."

"நடக்கட்டும், நடக்கட்டும். நமக்குத் துணி தொவச்சி முடியற வரைக்கும் நடந்தாப் போதும்."

கலியமூர்த்தி சிரித்தான். சிரிப்பு வெளியே கேட்காமலிருக்க வேகமாக அடித்தான். தன்னைப் பற்றி யாரோ பேசுகிறார்கள் என்பதே அவனுக்கு ஒரு வேளைச் சாப்பாடு போல இருந்தது.

சங்கடம் எங்கே வந்தது என்றால், பெயர்ப்பு வேலைக்கு யோசனை வேண்டும். யோசித்தால் விரல் நிற்கும். விரல் நின்றால் பேச்சு நிற்கும். ஒருநாள் ரமீஜா காரைக்காலில் பார்த்த கல்யாணம் ஒன்றைச் சொல்லிக்கொண்டிருந்தாள்.

"மாப்பிள்ளைக்குக் குதிர வேணும்னு ஒத்தக்கால்ல நின்னாங்க. கெடச்சது ஜட்காக் குதிர. மேல பூவெல்லாம் போட்டு, மாப்பிள்ளைய ஏத்தியாச்சு. கொட்டு மொளக்கினதுதான் தாமசம், அதுக்குத் தெரிஞ்ச ஒரே வழி ரயிலடி. பொண்ணு வூட்டுக்குத் திரும்பாம நேரா ரயிலடிக்கு ஓட்டம் புடிச்சிடுச்சி!"

"யா அல்லா! அப்புறம்?"

கலியமூர்த்தியின் விரல் தானாக நின்றுவிட்டது. அவனும் கேட்டுக்கொண்டிருந்தான் அல்லவா! வெளியே சட்டென்று ஓசை அடங்கியது. வளையல் சத்தம், கதவு சாத்தும் சத்தம். மாப்பிள்ளை என்ன ஆனார்? அவன் பதறிப்போய் எதையோ அடித்தான். அவர்கள் திரும்பி வரவில்லை.

மறுநாளிலிருந்து அவன் யோசிப்பதை விட்டான். பேச்சு ஆரம்பித்ததும் தாளை எடுத்துவிடுவான். ஆபீசு கொடுத்த தாளை வீணாக்க மனம் வரவில்லை. வெறும் உருளையின் மேல், கைக்கு வந்த எழுத்துகளை, நிற்காத மழைபோல அடிப்பான். முற்றம் நிறைந்திருக்கும். குதிரைக் கதை மட்டும் மறுபடி வரவில்லை. வேறு கதைகள் வந்தன. அவர்கள் உள்ளே போன பிறகு பத்திரத்தை எடுக்கலாம் என்று வைப்பான். அப்போது தோள் விட்டுப்போயிருக்கும்.

இது சரியா என்று கேட்டுக்கொள்ளாமல் இல்லை. கண்ணுக்குக் கதவு போட்டிருக்கிறேன், காதுக்கு எப்படிப் போடுவது என்று தனக்குத்தானே வாதாடுவான். அந்த வாதம் படுக்கப் போகும்வரை தாங்கும். அதற்குமேல் தாங்காது.

கோவிந்தசாமி வந்தார். வேலை முடியவில்லை என்றான். அடுத்த முறையும் அதையே சொன்னான். அதற்கடுத்த முறை அவர் ஸ்டூலை இழுத்துப் போட்டு உட்கார்ந்துவிட்டார்.

"தெருமுன பெட்டிக்கடையில கேட்டா, பகலெல்லாம் மிஷின் சத்தம் கேக்குதுங்கறான். தாளு மட்டும் வர்ல. இது இன்னாடா கத?"

அவர் மிஷினைத் தன் பக்கம் திருப்பினார். ரிப்பன் வெளுத்துத் தொங்கியது. உருளையின் மேல் விரலை ஓட்டினார்.

"இன்னாடா இது, அம்ம வார்த்த மூஞ்சி மாதிரி இருக்குது? தாள் இல்லாம அடிச்சியா?"

"ம்."

"யாருக்குடா அடிச்ச?"

அதற்குப் பதில் இருந்தது. சொல்லத்தான் முடியாது. சொன்னால் அந்தப் பெண்களின் பேச்சை அவன் கேட்டான் என்பதும் வெளியே வரும். அது பாய் காதுக்குப் போகும்.

"கை பழகறதுக்கு" என்றான்.

"யப்பா, சத்தத்துக்கு வக்கீலு கூலி குடுக்க மாட்டாருப்பா." அவர் குரலில் கோபத்தைவிடக் கவலை அதிகமாக இருந்தது. "மிஷின நான் எடுத்துனு போறேன், உருள மாத்தணும். திரும்பி வருமான்னு கேக்காத. மிச்சம் இருக்கற பத்திரத்தக் கையால எழுதிக் குடு. ஒழுங்கா முடிச்சன்னா ஆபீசு வெராந்தாவுல ஒரு மேச போடச் சொல்லிக் கேக்கறேன்."

ரிக்‌ஷாவில் மிஷின் போனது. மேசையில் அது இருந்த இடம் மட்டும் தூசி படியாமல் சதுரமாகக் கிடந்தது.

அடுத்த நாள் பேனாவை எடுத்து எழுதினான். வேலை ஓடியது, சத்தமில்லாத அறையில் சொற்கள் தாமாக வந்து நின்றன. ஆனால் முற்றம் செத்துக் கிடந்தது. வாளி விழவில்லை. ஒரு தடவை யாரோ அவசரமாகத் தண்ணீர் சேந்திக்கொண்டு ஓடினார்கள், திருடிக்கொண்டு போவதுபோல. கொடியில் துணி அடிபடும் சத்தம் இல்லை. தங்கள் வீட்டுக் கிணற்றடிக்கு வர அவர்கள் பயப்படுகிறார்கள். பயம் தன்னைக் குறித்து. அது அவனுக்கு எழுதும்போதெல்லாம் உறுத்தியது.

வெள்ளிக்கிழமை தொழுகைக்குக் கிளம்பிய ஹிதாயத்துல்லா பாய் வாசலில் நின்றார்.

"தம்பி, தப்பா நெனைக்காதீங்க. மிஷின் எப்ப வரும்? வீட்ல கேக்கச் சொன்னாங்க."

கலியமூர்த்திக்கு மார்புக்குள் ஏதோ ஏறியது. கேட்டார்களா! சத்தம் இல்லாதது அவர்களுக்கும் வெறிச்சென்று இருக்கிறதா?

பாய் தொப்பியைச் சரிசெய்துகொண்டார். "அது ஓடுனா நீங்க மேசையில இருக்கீங்கன்னு தெரியும். இப்ப உள்ள இருக்கீங்களா, போயிட்டீங்களான்னு தெரியல. கெணத்தடிக்கு வர ரோசன பண்றாங்க. துணியெல்லாம் மலையா கெடக்குது. ஒங்க மேல ஒரு கொறையும் இல்ல தம்பி. பொம்பளைங்க சமாச்சாரம், ஒங்களுக்குத் தெரியாததா?"

"புரியுது பாய்."

ஏறியது இறங்கிவிட்டது. துணிதான் காரணம், வேறு என்னவாக இருக்க முடியும்?

"பாட்டு கீட்டு பாடுவீங்களா? சத்தம் போட்டு ஏதாவது படிச்சாக்கூட போதும். நீங்க எங்க இருக்கீங்கன்னு தெரிஞ்சிக்கிடுவாங்க."

சரி என்று சொல்ல நாக்கு நுனிவரை வந்தது. எதையாவது உரக்கப் படித்தால் நாளைக்கே முற்றம் திரும்ப வந்துவிடும். வாளி, வளையல், மீன்காரி, எல்லாம். ஆனால் சத்தம் கேட்டால் இவன் கவனம் வேலையில் இருக்கிறது என்று நம்பித்தானே அவர்கள் வாய்விட்டுப் பேசினார்கள்? அந்த நம்பிக்கையின் மேல் உட்கார்ந்துதான் இத்தனை நாள் விருந்து சாப்பிட்டிருக்கிறோம். மறுபடியும் இலை போடச் சொல்வதா?

"வேணாம் பாய். நாளையிலேர்ந்து நான் காலையிலியே வெளிய போயிடுவேன். சாயங்காலம் அசர் தொழுகைக்கு மேலதான் வருவேன். பூட்டற சத்தம் நல்லா கேக்கும்னு சொல்லுங்க."

"அட, ஆபீசுலியே எடம் குடுத்துட்டாங்களா?"

"ஆமாம் பாய்."

"அல்லா கிருபை! வீட்ல குந்தி செய்யறது ஒரு வேலையா? நாலு பேரோட இருந்தாத்தானே மனுசனுக்கு நல்லது."

வெராந்தா மேசையைப் பற்றிக் கோவிந்தசாமி இன்னும் வக்கீலிடம் வாயே திறந்திருக்கவில்லை. கடற்கரைப் பக்கம் நிழலான இடமாகப் பார்த்து, காற்று தூக்காமல் தாளின்மேல் கல்லை வைத்து எழுதிக்கொள்ளலாம் என்று நினைத்துக்கொண்டான்.

மறுநாள் பத்திரக் கட்டை அக்குளில் இடுக்கிக்கொண்டு வெளியே வந்தான். கதவை வேண்டுமென்றே இழுத்துச் சாத்தினான். பூட்டைப் போட்டு, இரும்புத் தாழ்ப்பாள் கணகணக்க ஆட்டிப் பார்த்தான். செருப்பைத் தேய்த்துக்கொண்டே சந்தில் நடந்தான். முற்றத்து மதில் முடிவதற்குள் உள்ளே கதவு திறந்தது. கிணற்றில் வாளி விழுந்தது; கயிறு கப்பியில் ஓடும் சத்தம் நீளமாகக் கேட்டது.

"போயிட்டாரு லாத்தா."

"அப்பாடா. கொண்டாடி அந்தத் துணிய."

தப் தப்பென்று கல்லில் துணி விழுந்தது. பிறகு சலீமாவின் குரல்.

"லாத்தா, அந்தக் குதிரக் கதைய அன்னிக்குப் பாதியில வுட்டுட்டியே."

"எந்தக் குதிர?"

"மாப்பிள்ளைய ரயிலடிக்குக் கூட்டிப் போச்சே!"

"அதா..." சொல்ல ஆரம்பிப்பதற்கு முன்பே ரமீஜா சிரித்துவிட்டாள்.

கலியமூர்த்தியின் கால் நின்றது. சந்தின் மறுமுனையில் பால்காரர் ஒருவர் சைக்கிளைத் தள்ளிக்கொண்டு வந்தார். பெண்கள் இருக்கும் மதிலோரம் ஓர் ஆண் நிற்க முடியாது. பால்காரர் இல்லாவிட்டாலும் நிற்க முடியாது. அவன் பத்திரக் கட்டை இன்னும் இறுக்கிக்கொண்டு நடந்தான்.

தெருமுனை திரும்பும்போது இரண்டு பேரும் சேர்ந்து சிரிக்கும் சத்தம் பெரிதாகக் கேட்டது. மாப்பிள்ளை என்ன ஆனார் என்றுதான் தெரியவில்லை.