எலுமிச்சை வாசனை

தறியில் பாவு அறுத்தவள் பைத்தியம்தான், எங்கள் தெருவில் அதற்கு மேல் சாட்சி தேவையில்லை. நீளவாக்கில் ஓடும் பட்டு இழை ஒன்று அறுந்தாலே சாப்பாட்டை மறந்து முடிச்சுப் போடுகிறவர்கள் நாங்கள். நான் அன்று மதியம் ஒரு கொத்தையே அறுத்துவிட்டேன். தொப்புளில் ஆரம்பித்து வலப்பக்கம் இறங்கிய வலி என்னை முன்னால் தள்ளியது. விழாமல் இருக்கக் கைக்குக் கிடைத்ததைப் பிடித்தேன். கிடைத்தது பாவு.

முதல் குழந்தை தங்காமல் போனதிலிருந்து மனசுக்கு நான் மாத்திரை சாப்பிடுவது தெருவுக்கே தெரியும். "மறுபடியும் வந்துடுச்சு, புடிங்க" என்று ஆண்கள் பாய்ந்து வந்து கைகளை ஈரத் துண்டால் கட்டினார்கள். பக்கத்து வீட்டுக்காரி எலுமிச்சம்பழத்தை அரிந்து என் உச்சந்தலையில் பரபரவென்று தேய்த்தாள். பித்தம் இறங்குமாம். சாறுதான் கண்ணில் இறங்கியது. அவள் மணிக்கட்டைக் கடித்தேன், ரத்தம் வந்தது. அதற்காக எனக்கு இன்றுவரை வருத்தம் இல்லை.

ஆஸ்பத்திரி அவசரப் பிரிவில் டாக்டர் என்னைப் பார்க்கும் முன்பே எலுமிச்சை வாசனையைப் பிடித்துவிட்டார். "மெண்டல் கேஸா?" என்று என் கணவரைக் கேட்டார்.

"மாத்திரை ஓடிகினு இருக்குதுங்க சார். இன்னிக்கு பாவையே அறுத்துட்டா."

"வயிறு சார், வயிறு!" என்று கத்தினேன்.

"சரிம்மா, சரிம்மா" என்றார். வயிற்றைத் தொடவில்லை.

உதைத்தேன். ஊசித் தட்டு பறந்தது. ஆஸ்பத்திரி ஆள் ஒருவன் கன்னத்தில் அறைந்தான், இன்னொருவன் மார்மேல் முழங்காலை ஊன்றினான். திமிறத் திமிற அவர்களுக்கு என் பைத்தியம் உறுதியாகிக்கொண்டே போனது. சும்மா கிடந்தால் வலியே இல்லை என்பார்கள். பிறகு எப்படித்தான் சொல்வது? அவர்களை எல்லாம் கொன்றுவிட வேண்டும் போல் இருந்தது. தூக்க ஊசி போட்டார்கள்.

மீதியைக் கணவர் சொல்லித்தான் தெரியும். தூக்கத்திலேயே வாந்தி எடுத்தேனாம். முடியெல்லாம் நாறியதால் என் கைக்கட்டை அவிழ்த்து, கட்டிலோரம் பக்கெட் வைத்து, சோப்புப் போட்டு என் தலையை அலசியிருக்கிறார். அதோடு எலுமிச்சையும் போயிற்று. சாயங்காலம் டியூட்டி மாறி வேறு டாக்டர் வந்தார். முந்தைய டாக்டர் எழுதி வைத்ததைப் பார்ப்பதற்கு முன்பே "இவங்களுக்கு என்ன?" என்று கேட்டார். அத்தனை பேர் முன்னால் மறுபடியும் மெண்டல் கேஸ் என்று சொல்ல வெட்கப்பட்டு, "வயித்து வலி சார்" என்று மட்டும் சொன்னாராம் கணவர்.

அந்த டாக்டர் வயிற்றில் கை வைத்து அழுத்தினார். மயக்கத்திலும் நான் அலறிய அலறலில் வார்டே எழுந்து உட்கார்ந்ததாம். குடல்வால் வெடித்து உள்ளே சீழ் பரவியிருந்தது. வேலூருக்குப் போகிற வழியில் ஆம்புலன்ஸ் கண்ணமங்கலம் தாண்டும்போது என் நாடி கிடைக்கவில்லை என்று கணவர் வாய்விட்டு அழுதிருக்கிறார். வேலூரில் வயிற்றைக் கிழித்துக் கழுவித் தைத்தார்கள். பிழைத்தேன்.

போன மாதம் நெஞ்சில் வலி வந்தது. தலைக்குக் குளித்துவிட்டுத்தான் ஆட்டோ ஏறினேன், வலியோடு. கணவர் தயங்கித் தயங்கிக் கேட்டார்: "மாத்திரை சாப்பிடறத சொல்லணும் இல்ல? வேற எதனா குடுத்து, அதோட ஒத்துக்காம போச்சுன்னா?"

நியாயம்தான். சொன்னாலும் சாவேன், மறைத்தாலும் சாவேன். ஆத்திரம் பொங்கியது. அவர் சட்டைக் காலரைப் பிடித்து முகத்தை என் பக்கம் இழுத்தேன்.

"சொல்லுய்யா. ஆனா மொதல்ல அந்த டாக்டர் என் நெஞ்சுல கைய வெக்கட்டும். அதுக்கு முன்னாடி வாயத் தொறந்த, உன்னையும் கடிப்பேன்."