அவளுக்கும் ரெண்டு வடை

உழுந்து வடை பொரியும் மணம் வந்தால் மற்றவர்களுக்குப் பசிக்கும். எனக்கு அலுப்புத்தான் வரும். அறுபதுகளில், கிளிநொச்சிக் குடியேற்றத்தில் நாங்கள் இருந்த மண்வீட்டில், ஒவ்வொரு வைகாசியிலும் திவசத்துக்காக அந்த மணம் எழும்பும். அம்மாவின் தமக்கை, எங்கள் பெரியம்மா, காய்ச்சலில் கண்மூடிய மாதம் அது. பிள்ளைகள் இல்லாத பெரியப்பா அதற்குப் பிறகு எங்களோடேயே இருந்தார். அவருக்கு "அறளை" பெயர்ந்துவிட்டது என்றார்கள். நேற்றுச் சாப்பிட்டது, என் பெயர், பெரியம்மா செத்தது, எதுவும் அவரிடம் நிற்கவில்லை.

விடிந்ததும் "மங்கை, அவள் எங்கை?" என்று அம்மாவிடம் கேட்பார். அம்மாவுக்குப் பொய் சொல்ல வராது, அதுவும் செத்தவர்களைப் பற்றி. அக்கா போய்விட்டா என்று உள்ளதைச் சொல்வார். மனிதர் அன்றுதான் கேள்விப்பட்டவராய் விக்கி விக்கி அழுவார். தேத்தண்ணி ஆறுவதற்குள் சங்கதி மறந்துவிடும். துக்கம் மட்டும் போகாது, அன்று முழுக்கச் சோற்றுக் கோப்பையைத் தள்ளிவிட்டே இருப்பார். சொல்லிச் சொல்லி அம்மாவும் களைத்துப் போனார்.

முதலாண்டுத் திவசத்தில், புருஷன்தான் செய்யவேண்டும் என்று பெரியப்பாவைப் படத்துக்கு முன்னால் இருத்தினார்கள். ஐயர் பெரியம்மாவின் பெயரைச் சொன்னதும் அவர் அப்படியே சரிந்துவிட்டார். பின்னேரம் திவசம் நடந்ததே அவருக்கு ஞாபகமில்லை. ஆனால் சில நாள்களுக்குச் சோறு இறங்கவில்லை. "எனக்கென்னவோ மனம் சரியில்லைப் பிள்ளை. ஆருக்கும் ஏதும் நடந்ததோ?" என்று அம்மாவைக் கேட்டபடியே இருந்தார். முறை முறை என்று அந்த மனிதரை வதைத்துவிட்டோம்.

அடுத்த வைகாசியில் திவசத்தை அப்பாவே செய்யட்டும் என்று அம்மா சொல்லிவிட்டார். அயலில் கதைத்தார்கள், கதைக்கட்டும் என்று விட்டார். பெரியப்பாவை என்னோடு வாய்க்காலுக்கு அனுப்பினார். தண்ணீருக்குள் காலை விட்டு, மீன்குஞ்சுகள் கடிக்கக் கடிக்க அவர் சிரித்தார். வீட்டுக்கு வரும்போது வாய்க்கால் மறந்துவிட்டது, முகத்தில் சிரிப்பு இருந்தது. இலைக்கு முன் இருந்து, இன்றைக்கு என்ன விசேஷம் என்று கேட்டார்.

"சும்மாதான் அத்தான். சாப்பிடுங்கோ."

வயிறாரச் சாப்பிட்டார். கடைசியில் இரண்டு வடையை இலையோரம் ஒதுக்கினார். "இதை அவளுக்கு எடுத்து வை. பசியோடை வருவாள்."

அம்மா எடுத்துக்கொண்டு குசினிக்குள் போனார். வெகுநேரம் வெளியே வரவில்லை. அதற்குப் பிறகு பெரியப்பா கேட்ட போதெல்லாம், பளைக்குப் போயிருக்கிறா, பின்னேர பஸ்ஸில் வந்துவிடுவா என்றே சொன்னார்.

இப்போது அந்த மண்வீடு இல்லை, வாய்க்காலோரத்து மருதமரங்கள் இல்லை, பெரியப்பா இல்லை, அப்பாவும் இல்லை. அம்மா தொண்ணூறைத் தாண்டிவிட்டார். நேற்று அப்பாவின் திவசம். இலையில் வடையைக் கண்டதும் என்னை நிமிர்ந்து பார்த்தார்.

"கொப்பர் எங்கை பிள்ளை?" என்று அப்பாவைத் தேடினார்.

பொய் சொன்னால் வாயில் அடித்து வளர்த்தவர்.

"வாய்க்காலுக்குப் போயிட்டார் அம்மா. இப்ப வந்திடுவார்."

"ஓம், வயலுக்குத் தண்ணி திறக்கிற நாளெல்லே," என்று சிரித்துக்கொண்டு சாப்பிடத் தொடங்கினார். நான் குசினிக்குள் போனேன்.