கடல் கொண்டுபோன சாரம்

போன வாரம் இந்தப் பக்கத்தில் என்னைக் காணவில்லை என்று சிலர் விசாரித்தீர்களாம். நன்றி. காய்ச்சலும் இல்லை, கோபமும் இல்லை. ஒளிந்திருந்தேன்... அவ்வளவுதான்.

எங்கே? பில்பாவோவில் விமானத்தை விட்டு இறங்கி, பஸ் பிடித்துப் போகும் ஒரு பாஸ்க் கடற்கரை ஊரில். ஊரின் பெயர்? சொல்ல மாட்டேன். ஏன் என்பது போகப் போகத் தெரியும்.

பேர்லினில் இருக்கும் எங்களைப் போன்ற குடும்பங்களுக்கு லீவு என்றால் என்ன? சொந்தக்காரர் வீட்டு ஹோலில் பாய் விரித்துப் படுப்பது. பகலில் அவர்கள் குசினியில் வெங்காயம் வெட்டுவது. திரும்பி வந்தபின் அந்தக் களைப்புத் தீர இன்னொரு லீவு வேண்டும்.

இந்த வருடம் என் கணவரிடம் கேட்டேன் — ஒரே ஒரு வாரம். சமையல் இல்லை, சொந்தம் இல்லை, கடல் மட்டும். அவர் பேர்லினில் பஸ் ஓட்டுகிறவர். நாள் முழுக்கச் சனத்தைப் பார்க்கிற மனிதர். உடனே தலையாட்டினார். பிறகுதான் முகம் சுருங்கியது.

"அக்காவுக்கு என்ன சொல்லுறது?"

அக்கா என்றால் பாரிஸில் இருக்கும் அவருடைய தமக்கை. எனக்கு மச்சாள். பாசமென்றால் அப்படியொரு பாசம். கோபமென்றால் அதற்கும் மேல். ஒரு கல்யாண வீட்டு வாசலில் சித்தப்பா ஒருவர் தன்னை 'வாங்கோ' என்று கேட்கவில்லையாம் — அவரோடு இன்றுவரை பேச்சில்லை. பாரிஸை விட்டுவிட்டு நாங்கள் வேறெங்கோ கடல் குளிக்கப் போனது தெரிந்தால்? எங்களுக்கும் அதே கதிதான்.

ஆகவே பொய் சொன்னோம். நான்தான் சொன்னேன். எழுதுகிற ஆள் அல்லவா!

"மச்சாள், இந்த முறை இவருக்கு உர்லாப் லீவு குடுக்க மாட்டினமாம். பஸ் ஓட ஆளில்லையாம்."

"பரவாயில்லையப்பா. நானும் ஏலாமல்தான் கிடக்கிறன். முழங்கால் நோ. கட்டிலை விட்டு இறங்கக் கூடாதெண்டு டொக்டர் சொல்லிப்போட்டார்."

பாவம்! எனக்கு நெஞ்சு சுட்டது. அந்தக் குற்ற உணர்ச்சியில், கடற்கரை ஊரிலிருந்து தினமும் போன் எடுத்துச் சுகம் விசாரித்தேன். ஜன்னலைச் சாத்திக்கொண்டுதான்.

"அதென்னடியப்பா இரைச்சல்?"

"வோஷிங் மெஷின் மச்சாள். பழசாப் போச்சு."

அவர் பக்கமும் இரைச்சல்தான். கேட்டால், பாரிஸில் விடாத மழையாம்.

ஊர் அருமையான ஊர். பாண் ரொட்டித் துண்டின் மேல் மீனும் ஒலிவுமாகக் குச்சியால் குத்தி வைத்திருப்பார்கள். சனம் கடை கடையாக ஏறி இறங்கி, நின்றபடியே சாப்பிட்டுச் சிரித்துக்கொண்டிருக்கும். ஆனால் மேசை போட்டு இருத்தும் சாப்பாட்டுக் கடைகள் இருட்டிய பிறகுதான் திறக்கும். ஆறு மணிக்கே பூட்டிய கதவடியில் நின்றவர்கள் நாங்களும் ஒரு ஜெர்மன் தம்பதியும்தான்.

இத்தனை வருட ஜெர்மனி வாழ்க்கை வேறென்ன பழக்கியது? விடியவே போய்க் கடற்கரையில் துவாய் விரித்து இடம் பிடிப்பது! என் கணவரும் கிளம்பினார். புதுத் துவாய் மண்ணாகிவிடும் என்று தன் சாரத்தை, அதுதான் இடுப்பில் கட்டும் லுங்கியை, எடுத்துக்கொண்டு போனார். போன தீபாவளிக்கு மச்சாள் அனுப்பிய சாரம். கத்தரிப்பூ நிறம், பச்சைக் கட்டம். பொருத்தமான நூல் இல்லையென்று இரண்டு ஓரத்தையும் மஞ்சள் நூலால் தானே மூட்டி அனுப்பியிருந்தார். அதை அலைக்குக் கிட்டவாக, முதல் வரிசையில் விரித்து, நாலு மூலையிலும் கல் வைத்தார்.

நாயோடு நடந்த ஒரு கிழவர் கடலைக் காட்டி, கையை மேலே உயர்த்திக் காட்டி, ஏதோ எச்சரித்தார்.

"பருத்தித்துறையில பிறந்த எனக்குக் கடல் படிப்பிக்கிறார்!" என்று இவர் சிரித்தார்.

பருத்தித்துறைக் கடல் மரியாதையான கடல். ஏறினால் ஒரு முழம், இறங்கினால் ஒரு முழம். இந்தக் கடல் அப்படியா? கோப்பி குடித்துவிட்டு வந்து பார்த்தால் கடற்கரையையே காணோம்! மதிலடியில் அலை அடிக்கிறது. கல்லும் இல்லை, சாரமும் இல்லை, முதல் வரிசையும் இல்லை.

இவர் முகத்தைப் பார்க்கப் பாவமாகவும் இருந்தது, சிரிப்பாகவும் இருந்தது. நான் சிரித்தேன்.

மத்தியானம் கரையோர நடைபாதையில் போனோம். கம்பி வேலியில் கத்தரிப்பூ நிறத்தில் ஏதோ காய்ந்தது. கடல் திருப்பிக் கொடுத்ததை யாரோ எடுத்துப் போட்டிருக்கிறார்கள். இவர் "என்ர சாரம்!" என்று ஓடினார்.

ஆனால் அங்கே ஏற்கெனவே ஒரு அம்மா நின்றார். பெரிய தொப்பி, கறுப்புக் கண்ணாடி, முழங்கால் தெரியும் பூப்போட்ட கவுன். ஒரு கையில் ஐஸ்கிரீம். மற்றக் கையால் சாரத்தின் மஞ்சள் தையலைத் திருப்பித் திருப்பிப் பார்க்கிறார்.

"இது நான் மூட்டின சாரமெல்லோ..."

மச்சாள் நிமிர்ந்தார். ஐஸ்கிரீம் உருகிக் கையில் வடிந்தது. முதலில் எனக்குத்தான் வாய் வந்தது.

"முழங்கால் எப்பிடி மச்சாள்?"

"சுகமடியப்பா. பஸ் எப்பிடி ஓடுது?"

அதற்குப் பிறகு மூன்று பேருக்கும் சிரிப்பை அடக்க முடியவில்லை. மச்சாள் வீட்டில் இந்தக் கோடையில் ஆட்கள் வந்தபடியே இருந்தார்களாம். களைத்துப்போனேன், யாரும் வராதேங்கோ என்று சொல்ல வாய் வரவில்லையாம். முழங்காலில் நோ என்று சொல்லிவிட்டு ரயிலேறிவிட்டார். யோசித்துப் பாருங்கள்... எங்கள் ஆட்களுக்கு ஓய்வெடுக்கக்கூட ஒரு நோய், ஒரு வருத்தம் தேவைப்படுகிறது. சும்மா இருக்கப் போகிறேன் என்றால் யார் விடுவார்கள்?

அன்று மாலை மூவரும் கடை கடையாக நின்று சாப்பிட்டோம். மச்சாளோடு நான் வெங்காயம் வெட்டாமல் கதைத்த முதல் நாள் அது. எவ்வளவு பகிடிக்காரி என்று அன்றுதான் தெரிந்தது.

பிரியும்போது மெல்லச் சொன்னார். "கொலோனில இருக்கிற எங்கட மாமிக்கு மட்டும் சொல்லிப் போடாதேங்கோ. அவவின்ர பேத்தியின்ர பிறந்தநாளுக்கு வர ஏலாதெண்டு சொல்லிப்போட்டு வந்தனான்."

"நாங்களும்தான்," என்றார் என் கணவர்.

கொலோன் வாசகர்களே, ஒரு சின்ன உதவி — மாமி வீட்டுக்குப் போனால், அவர் வாசிக்க முதல் இந்தப் பக்கத்தில் எண்ணெய் வடிய நாலு வடையைச் சுற்றிவிடுங்கள்.