ஒற்றைக் காது குத்திய தாய்மாமன்

வழி கேட்பதென்றால் அசோக்குமாருக்கு வேப்பெண்ணெய் குடிக்கிற மாதிரி. பிறந்தது டி. கல்லுப்பட்டிப் பக்கம், பிழைப்பு மாட்டுத்தாவணிக்குப் பின்னால் ஒரு சின்ன சாஃப்ட்வேர் கம்பெனியில். பெரிய ஆபீஸ்கள் பல, தங்கள் கணக்குவழக்கை இன்னமும் காந்த நாடா டேப்பில்தான் பத்திரப்படுத்துகின்றன. அந்த டேப்பில் எழுதும் புரோகிராம் இவன் கைவேலை.

கரண்ட் ஒரு சிமிட்டுச் சிமிட்டினால் போதும், டேப் ஓட்டும் மெஷினுக்குத் தான் எந்த இடத்தில் நிற்கிறோம் என்பதே மறந்துபோகும். இவன் புரோகிராமோ, கடைசியாக நின்ற இடத்தை மனக்கணக்காகப் போட்டு மேற்கொண்டு எழுதிக்கொண்டே போகும். கணக்குத் தப்பினால் பழைய தகவலின் மேல் புதுசு ஏறி உட்கார்ந்துகொள்ளும். அப்புறம் அழுது புரண்டாலும் பழையது வராது.

புரோகிராமைச் சோதித்துப் பார்க்கும் நாகஜோதி ஒரு மாதமாகத் தலையில் அடித்துக்கொள்கிறாள். "அண்ணே, மெஷினே எங்க நிக்கிறேன்னு தெரியலைங்குது. நமக்கு மட்டும் எப்படித் தெரியும்? எழுதுறத நிப்பாட்டணும். டேப்ப மொதல்ல இருந்து சுத்தி, அதுல எழுதியிருக்க பேரப் படிச்சு, எடத்தக் கண்டுபிடிச்சிட்டு அப்பறம் எழுதணும்."

"அம்புட்டு நேரம் எவன் காத்துக்கிட்டு இருப்பான்? ஒரு குத்துமதிப்பு போதும் தாயி."

அந்த ஞாயிற்றுக்கிழமை தங்கை முனீஸ்வரியின் மகனுக்குக் காதுகுத்து, மேலூருக்கு அப்பால் ஒரு மண்டபத்தில். தாய்மாமன் மடியில் வைத்துத்தான் குத்த வேண்டும். வளைகாப்புக்கு இவன் பந்தி முடிந்து வந்து சேர்ந்த கதையை மாப்பிள்ளை வீட்டார் இன்னும் சொல்லிச் சொல்லிச் சிரிக்கிறார்கள். "இந்தத் தடவையும் என்னையத் தலகுனிய விட்டேன்னா ஒனக்கும் எனக்கும் பேச்சில்ல" என்று முனீஸ்வரி சொல்லியே விட்டாள்.

சீர்த்தட்டுகளோடு காரில் கிளம்பினான். விசேஷத்துக்கு அழைத்திருந்ததால் நாகஜோதியும் கூட வந்தாள். மேலூர் தாண்டியதும் இவன் போன் சூடேறி அணைந்தது. வழிகாட்டும் மேப்பும் அதோடு போனது. அவள் போனில் சிக்னல் இல்லை.

"நிப்பாட்டுங்கண்ணே. மேலூர் பஸ் ஸ்டாண்டுக்கே திரும்பிப் போயி மொதல்ல இருந்து கேட்டு வருவோம்."

"ரெண்டாவது திருப்பம். எனக்குத் தெரியாதா?"

இரண்டாவது திருப்பத்தில் மண்டபம் இருந்தது, மேளம் இருந்தது, வாசலில் காதுகுத்து பேனரும் இருந்தது. பேனரில் இருந்த பேரைப் படிக்கச் சொல்லி அவள் வாய் திறப்பதற்குள் இவன் தட்டோடு இறங்கிவிட்டான். "தாய்மாமன் வந்தாச்சு" என்று யாரோ கத்த, அள்ளிக்கொண்டு போனார்கள். அந்த வீட்டுத் தாய்மாமன் வெள்ளைத்துரை பல வருஷமாகச் சிங்கப்பூரில் இருப்பவராம், முகம் பலருக்கு மறந்துபோச்சாம். இவனுக்கு அது எங்கே தெரியும்? தங்கச்சி எங்கே என்று கேட்டான். சேலை மாற்றுகிறாள் என்றார்கள். மச்சான்? பந்தியில் நிற்கிறார். சரிதான் என்று உட்கார்ந்தான். தலைப்பாகை கட்டிவிட்டார்கள். பிள்ளை மடிக்கு வந்தது. மொட்டை போட்டுச் சந்தனம் பூசினால் எல்லாப் பிள்ளையும் ஒரே சாடைதானே.

ஆசாரி ஒரு காதைக் குத்தியும் விட்டார். மறு காதுக்கு ஊசியை எடுத்தபோது வாசலில் இன்னொரு மேளம். நிஜ வெள்ளைத்துரை தட்டுகளோடு வந்து நிற்கிறார். பிள்ளையின் தாய் அறையிலிருந்து வந்து, "இது யாரு?" என்றாள்.

கூட்டம் ஆளுக்கொரு தீர்ப்புச் சொன்னது. குத்தின காதைக் குத்தாத காதாக்க ஆசாரிக்கும் வழி தெரியவில்லை. "மிச்சக் காதையாச்சும் குடுங்கப்பா" என்று வெள்ளைத்துரை கேட்டதுதான் பாவமாக இருந்தது. அசோக்குமார் எல்லோரையும் கும்பிட்டு மன்னிப்புக் கேட்டு, தன் தட்டுகளைத் தூக்கிக்கொண்டு காருக்கு ஓடினான்.

"எங்க இருக்கேன்னு எனக்குத் தெரியல நாகஜோதி."

அப்பாடா. இந்த ஒரு வார்த்தை அந்த வாயிலிருந்து வர எத்தனை வருஷம். மேலூர் பஸ் ஸ்டாண்டுக்கே திரும்பினார்கள். டீக்கடையில் கேட்டான், ஆட்டோக்காரரிடம் கேட்டான், மண்டபத்து வாசலில் பேனரை எழுத்துக்கூட்டிப் படித்தான்.

உள்ளே பந்தி முடிகிற நேரம். குத்தி முடித்திருப்பார்கள் என்றே நினைத்து உள்ளே ஓடினான். பெரியப்பா மகன் மடியில் வைத்துக் குத்திவிடலாம் என்று மாப்பிள்ளை வீட்டார் முனீஸ்வரியை நெருக்கியிருக்கிறார்கள். அவளோ பிள்ளையை இறுக்கிக்கொண்டு, அழுத கண்ணோடு உட்கார்ந்திருந்தாள்.

"நீ வர்ற வரைக்கும் ஊசிய யாரும் தொடக்கூடாதுன்னுட்டேன். தப்பான மடியில குத்திட்டா அப்பறம் மாத்த முடியுமாண்ணே?"

அசோக்குமார் நாகஜோதியிடம் திரும்பி, "நாளைக்கே புரோகிராம மாத்திருவோம். எடம் தெரியலன்னா எழுதாம நிக்கட்டும்" என்றான்.

கண்ணைத் துடைத்துக்கொண்ட முனீஸ்வரி அப்போதுதான் அண்ணனைச் சரியாகப் பார்த்தாள்.

"ஆமா, ஒனக்குத் தலப்பா யாருண்ணே கட்டிவிட்டது?"