மிதி, வை, எடு

பதினேழு மணி நேரம் நாற்பத்தொரு நிமிடம். அண்ணனின் முதல் பந்தய ஓட்டத்துக்கு அவ்வளவுதான் மிச்சம் இருந்தது. சனிக்கிழமை மதியம் இரண்டு பத்தொன்பது. வெளியே கண் கூசும் வெயில். பேய் என்றால் நடுராத்திரி, நாய் ஊளை என்று எதிர்பார்த்து வந்தவர்கள் மன்னிக்க வேண்டும். எனக்கு நடந்தது பட்டப்பகலில்.

நடந்தது என்றுதான் சொல்கிறேன். நான் இயற்பியல் படித்தவள். எதையும் மூன்று முறை அளக்காமல் எழுத மாட்டேன். நாலு பேர் முன்னால் பேசவும் வராது. விருந்தாளி வந்தால் குளியலறையில் போய் நின்றுகொள்ளும் ஆள் நான். கதை கட்டி யாரையும் கவர வேண்டிய தேவை எனக்கு இல்லை. இதை நம்பாமல் போனால் எனக்கு நிம்மதிதான்.

அண்ணன் ஏசி மெக்கானிக். கார் பந்தயம் அவனுடைய பதினாறு வயது ஆசை. முப்பத்திரண்டு வயதில் ஒரு பழைய ஸ்போர்ட்ஸ் காரை வாங்கிக்கொண்டு வந்தான். வெயிலில் வெளுத்த நீலம். விற்றவருக்கு நாற்பது வயது இருக்கும். பேசி முடிக்கும்வரை அவர் காரைப் பார்க்கவே இல்லை.

"தம்பியோட கார். நாலு வருஷமா சும்மா நிக்குது. அவன் இப்ப இங்க இல்ல," என்றார்.

அதற்கு மேல் நாங்களும் கேட்கவில்லை.

அந்தத் தம்பி பெரிய கெட்டிக்காரன் என்று அண்ணன் சொல்லிக்கொண்டே இருந்தான். எடை குறைந்தால் வேகம் கூடும். அதற்காகக் கம்பளம், ரேடியோ, பக்கத்து சீட் எல்லாவற்றையும் அந்தத் தம்பி கழற்றியிருந்தார். உள்ளே ஒரு இரும்புக் கூண்டு, ஒரே ஒரு ஆழமான சீட். ஹேண்ட்பிரேக்கைக்கூட விட்டுவைக்கவில்லை. அது இருந்த இடத்தில், தரைத் தகட்டில், இரண்டு ஓட்டைகள் மட்டும்.

"இதுலயே ரெண்டரை கிலோ மிச்சம் பாரு."

"நீ ராத்திரி சாப்பாட்டைக் குறைச்சா அஞ்சு கிலோ மிச்சம்."

வீட்டு ஆட்களிடம் மட்டும் எனக்கு வாய் உண்டு.

நாலு வாரம், விடுமுறை நாளெல்லாம் ஷெட்டில்தான் கிடந்தோம். வெள்ளிக்கிழமை பழைய பிரேக் ஆயிலை முழுக்க வெளியேற்றிவிட்டுப் புதிது ஊற்றினோம். தேன் நிறத்தில் இருந்தது. சனிக்கிழமைக்கு மிச்சம் ஒரே வேலை. பிரேக் குழாயில் தங்கிய காற்றை எடுக்க வேண்டும்.

குழாயில் குமிழி இருந்தால், மிதிக்கும்போது குமிழிதான் நசுங்கும். சக்கரம் நிற்காது. மறுநாள் காலை எட்டு மணிக்கு, நேர்ப்பாதையின் முடிவில் நூற்றறுபதில் வரும்போது, பெடல் பஞ்சு மாதிரி உள்ளே போனால்... எனக்கு இருப்பது ஒரே அண்ணன்.

காற்றை எடுக்க இரண்டு பேர் வேண்டும். ஒருவர் சீட்டில் உட்கார்ந்து பெடலை அழுத்த வேண்டும். இன்னொருவர் காருக்கடியில் படுத்து, சக்கரத்துக்குப் பின்னால் இருக்கும் சின்ன நிப்பிளைத் திறந்து மூட வேண்டும். ஒருவரை ஒருவர் பார்க்க முடியாது. எல்லாம் குரல்தான்.

"அமுக்கு," என்பான் அண்ணன். அமுக்குவேன். "பிடி." பிடித்துக்கொள்வேன். அவன் நிப்பிளைத் திறப்பான். பெடல் மெதுவாகக் கீழே இறங்கும். ஆயிலும் காற்றும் ஒரு குழாய் வழியாகப் பாட்டிலில் விழும். மூடிவிட்டு, "விடு."

அவன் சொல்லும்வரை காலை எடுக்கக் கூடாது. எடுத்தால் காற்று மறுபடி உள்ளே போகும். அந்த வேலைக்கு அது ஒன்றுதான் சட்டம்.

பின்சக்கரங்கள் இரண்டையும் சாய்வான இரும்பு ரேம்ப் மேல் ஏற்றியிருந்தோம். கார் மூக்கைத் தாழ்த்தி, பின்பக்கம் உயர்ந்து நின்றது. கியர் நியூட்ரலில். நிற்கிற காரைக் கியரில் விட்டால் கியர் பெட்டி கெட்டுவிடும் என்பது அண்ணனின் மூடநம்பிக்கைகளில் ஒன்று. உருளாமல் இருக்க முன்சக்கரங்களுக்கு முன்னால் இரண்டு மரக்கட்டைகள். காலையில் நானே வைத்தேன். இடது பக்கம் ஒன்று, வலது பக்கம் ஒன்று. காலால் உதைத்தும் பார்த்தேன்.

இரண்டு பத்தொன்பதுக்குப் பக்கத்து பெயின்ட் பட்டறையில் கம்ப்ரசர் ஓட ஆரம்பித்தது. டடடடடட... அண்ணன் அடியிலிருந்து ஏதோ கத்தினான். காதில் விழவில்லை.

"சரி!" என்று கத்தினேன். எது கேட்காவிட்டாலும் சரி என்று சொல்வது என் பழக்கம்.

ஒரு நிமிடம் கழித்துக் கம்ப்ரசர் நின்றது. ஷெட் அமைதியானது.

"மிதி."

மிதித்தேன்.

"வை."

பெடல் கீழே இறங்கியது.

"எடு."

எடுத்தேன். வார்த்தைகள் மாறியிருந்ததைக் கவனித்தேன். அண்ணன் ஏதோ விளையாடுகிறான் என்று விட்டுவிட்டேன். காருக்கடியிலிருந்து யார் பேசினாலும் தகர டப்பாவுக்குள் பேசுவது போலத்தான் கேட்கும்.

நான் எண்ணிக்கொண்டே மிதிப்பவள். ஒரு சக்கரத்துக்குப் பத்து முறை போதும். இருபது ஆனது. முப்பது ஆனது. பத்துக்கு ஒரு தரம் அண்ணன், "புரொபசர், கால் இருக்கா, போயிடுச்சா?" என்று கேட்பான். கேட்கவில்லை. நிப்பிளில் ஸ்பேனர் உரசும் சத்தமும் இல்லை.

"அண்ணா, போதாதா?"

"மிதி."

நாற்பது. ஐம்பது. ஹேண்ட்பிரேக் இருந்த ஓட்டைகள் வழியாக என் தொடையில் காற்று பட்டது. விட்டு விட்டுப் பட்டது. நான் பேசினால் நின்றது. நான் நிறுத்தினால் மறுபடி வந்தது.

மூச்சு மாதிரி.

அறுபத்திரண்டாவது முறை. கைக்கடிகாரத்தில் இரண்டு நாற்பத்தொன்று.

"மிதி."

"வை."

அதோடு சரி. 'எடு' வரவில்லை.

ஒரு நிமிடம். இரண்டு நிமிடம். கெண்டைக்கால் துடிக்க ஆரம்பித்தது.

"அண்ணா, எடுக்கட்டுமா?"

"எடுக்காத."

"கால் நடுங்குது..."

"எடுக்காத."

இரண்டு நாற்பத்தைந்து. குரல் சீட்டுக்கு நேர் கீழே வந்திருந்தது.

"எடுக்காதண்ணா..."

அண்ணா என்று கூப்பிடுவது நான். என்னை யாரும் அப்படிக் கூப்பிட்டதில்லை.

இரண்டு நாற்பத்தேழு. எனக்கு எதிரே பாதி திறந்திருந்த ஷட்டருக்கு வெளியே இரண்டு கால்கள் தெரிந்தன. ஒருவர் குனிந்து உள்ளே வந்தார்.

அண்ணன்.

கையில் புது பிரேக் ஆயில் டப்பா.

"என்ன புரொபசர், ஜாலியா உக்காந்துட்ட?"

அவனையும் டப்பாவையும் மாறி மாறிப் பார்த்தேன்.

"ஆயில் பத்தாது, பின் கதவு வழியா கடைக்குப் போறேன்னு கத்துனேனே. சரின்னியே!"

"அடியில... யாரு?"

"உன் வருங்கால மாமியாரு," என்று சிரித்தான். என் முகத்தைப் பார்த்துச் சிரிப்பை நிறுத்தினான். டப்பாவை வைத்துவிட்டுப் பின்பக்கம் போனான். படுக்கப் போட்டிருந்த அட்டை உரசும் சத்தம். அடியில் நகர்ந்து போனான்.

"ஒருத்தரும் இல்ல. விடு. இறங்கி வா."

விட நினைத்தேன்.

அவனுக்கும் எனக்கும் நடுவிலிருந்து, மிக அருகில்...

"எடுக்காதண்ணா."

"விடுன்னா விடேன்! எவ்ளோ நேரம்?"

"எடுக்காத..."

அண்ணனுக்கு அந்தக் குரல் கேட்கவில்லை. அதைச் சொல்ல வாயைத் திறந்தேன். காற்று மட்டும் வந்தது. காலில் உணர்வே இல்லை. இரண்டு கைகளாலும் என் முழங்காலைப் பிடித்துக் கீழே அழுத்தினேன். வியர்வையில் கை வழுக்கியது.

அரை நொடி.

க்ர்ர்ர்ர்...

கார் நகர்ந்தது.

ஒரு விரல் அளவு.

முழு எடையையும் போட்டு மிதித்தேன். நின்றது.

அடியிலிருந்து அண்ணன் பேசினான். பன்னிரண்டு வயதுப் பையனின் குரலில் பேசினான்.

"விடாத. விடாத. விடாத..."

புரண்டு வெளியே வந்தான். முன்பக்கம் ஓடிவந்து குனிந்து பார்த்தான். நிமிர்ந்தபோது முகத்தில் ரத்தமே இல்லை.

முன்சக்கரங்களுக்கு முன்னால் கட்டைகள் இல்லை.

அந்தக் கடைசி மிதியிலிருந்து காரைப் பிடித்து நிறுத்தியிருந்தது என் வலது கால் ஒன்றுதான்.

இரண்டு கட்டைகளும் பின்சுவர் அலமாரியில் இருந்தன. மேல்தட்டில், ஒன்றை ஒன்று ஒட்டி, ஒழுங்காக. நான் இருபத்தெட்டு நிமிடமும் காரின் முன்பக்கத்தைப் பார்த்துக்கொண்டுதான் உட்கார்ந்திருந்தேன். யாரும் வரவில்லை.

"நீ வைக்கவே இல்ல," என்றான் அண்ணன், கட்டைகளை வைத்துவிட்டு.

"வச்சேன்."

"அப்ப இது எப்படி அங்க போச்சு?"

என்னைத் தூக்கித்தான் வெளியே எடுத்தான். கால் மடங்கவில்லை.

காருக்கடியில் பாட்டில் முக்கால்வாசி நிரம்பியிருந்தது. கடைக்குப் போகுமுன் அதைக் காலி செய்து வைத்ததாக அண்ணன் சொன்னான். உள்ளே இருந்த ஆயில் மை மாதிரிக் கருப்பு. பானெட்டைத் திறந்து பார்த்தேன். பெடலுக்கு ஆயில் தரும் டப்பியில் காலையில் நான் பேனாவால் போட்ட கோடு இருந்தது. அளவு அந்தக் கோட்டிலேயே நின்றது. இங்கே குறையாமல் அங்கே எப்படி நிறையும்? நான் படித்த எந்தக் கணக்கிலும் அது வராது.

"பழைய ஆயில் எங்கயாவது தங்கியிருக்கும்," என்றான் அண்ணன். பாட்டிலை அவன் கையால் தொடவில்லை. துணியால் பிடித்து எடுத்தான்.

"அண்ணா, நாளைக்கு ஓட்ட வேண்டாம்."

"கட்டை இல்லாதது காரோட தப்பா?"

"அது இல்ல. அடியில ஒரு குரல்... என்னை அண்ணான்னு..."

"நீ காலையில சாப்பிட்டியா?"

சாப்பிடவில்லை. அதோடு என் சாட்சி முடிந்துவிட்டது. அன்று சாயங்காலமே மற்றச் சக்கரங்களையும் முடித்தோம். நான்தான் மிதித்தேன். வேறு யார் இருக்கிறார்கள்? அமுக்கு, பிடி, விடு. அண்ணன் குரல் மட்டும் கேட்டது.

ஞாயிற்றுக்கிழமை எட்டு மணிக்கு ஓட்டம். பன்னிரண்டு சுற்று. கம்பி வேலிக்கு வெளியே நின்றேன். நேர்ப்பாதையின் முடிவுக்கு நீலக் கார் வரும் ஒவ்வொரு முறையும் என் வலது கால் தரையை அழுத்தியது. என்னால் செய்ய முடிந்தது அவ்வளவுதான். பன்னிரண்டு முறை அழுத்தினேன். பன்னிரண்டு முறையும் கார் வளைந்து போனது.

ஒன்பதாவதாக வந்தான். ஹெல்மெட்டைக் கழற்றியதும் என்னைப் பார்த்துக் கத்தினான்.

"பெடல் கல்லு மாதிரி இருக்கு! யாரு மிதிச்சது!"

சுற்றி இருந்தவர்கள் சிரித்தார்கள்.

அன்று மாலை ஏழு பத்துக்கு அண்ணனின் போன் அடித்தது. அவன் குளித்துக்கொண்டிருந்தான். திரையில் காரை விற்றவரின் எண். நான் யார் போனையும் எடுப்பதில்லை. எடுத்தேன்.

"கார் ஓடுச்சாம்மா?"

"ஓடுச்சு சார். ஒன்பதாவது."

"பிரேக் எப்படி இருந்துச்சு?"

எத்தனையாவது என்பதைக்கூட அவர் காதில் வாங்கவில்லை.

"சார்... நீங்களும் உங்க தம்பியும் பிரேக்ல காத்து எடுக்கும்போது என்ன சொல்லிப்பீங்க? எப்ப அமுக்கணும், எப்ப விடணும்னு..."

மறுமுனையில் சுவர்க் கடிகாரம் ஓடும் சத்தம் கேட்டது.

"மிதி, வை, எடு," என்றார். "ஏம்மா?"

சொன்னேன். எல்லாவற்றையும் சொன்னேன். அறுபத்திரண்டு முறை, மூச்சு, கருப்பு ஆயில், அண்ணா என்று கூப்பிட்டது. அவர் குறுக்கே பேசவில்லை. சாப்பிட்டாயா என்று கேட்கவில்லை. ஒன்றே ஒன்று கேட்டார்.

"கட்டை எங்க இருந்துச்சு?"

"அலமாரில. மேல் தட்டுல. ரெண்டும் பக்கத்துல பக்கத்துல."

அவர் மூச்சு விடுவது கேட்டது.

"அவன் செத்தப்ப ஜாக்கி வழுக்கிடுச்சுன்னு சொன்னேம்மா. எங்கம்மாகிட்ட, அவன் பொண்டாட்டிகிட்ட, விசாரிக்க வந்தவங்ககிட்ட... நாலு வருஷமா அதைத்தான் சொல்லிட்டு இருக்கேன். அன்னிக்கு அங்க ஜாக்கியே இல்ல."

போனைக் காதோடு அழுத்திக்கொண்டேன்.

"வேலை முடிஞ்சுதுன்னு நினைச்சு கட்டையை எடுத்து மேல வச்சுட்டேன். அவன் அடியில இருந்து, இன்னும் ஒரே ஒரு தடவைன்னான். உக்காந்து மிதிச்சேன். போன் அடிச்சுது. எடுக்காதண்ணா, எடுக்காதண்ணான்னு அவன் கத்துறான். போனைச் சொல்றான்னு நினைச்சு, அதை எடுக்க எழுந்தேன்..."

கடிகாரம் ஓடிக்கொண்டிருந்தது.

"காலை எடுத்தது நான்தாம்மா."