பட்டாளத்துக் கொக்கி

என் கணவருக்குப் பழைய இரும்பென்றால் பைத்தியம். கடல் கடந்து வந்து நாங்கள் குடியேறிய இந்த ஊரில், ப்ளூ மவுண்டன்ஸ் மலைப் பாறைகளில் ஏறுகிறவர்கள் எல்லோரும் கயிறு கோக்க லேசான அலுமினியக் கொக்கிகளை மாட்டியிருக்க, இவர் மட்டும் உலகப் போர்க் காலத்து எஃகுக் கொக்கி ஒன்றை இடுப்பில் தொங்கவிட்டுக்கொண்டு திரிவார். பக்கத்துப் பேட்டையான பென்டில் ஹில்லில் யாரோ பழைய சாமான்களை வாசலில் பரப்பி விற்றபோது வாங்கியது.

குதிரைப்படையினர் துப்பாக்கியைத் தோள்வாரில் மாட்ட வைத்திருந்த கொக்கியிலிருந்துதான் இது பிறந்ததாம். பிறகு மலையில் சண்டையிடும் படைகளுக்காக மூட்டை மூட்டையாகச் செய்தார்களாம். போர் முடிந்து மிஞ்சியதை மலையேறுகிறவர்கள் வாங்கிக்கொண்டார்களாம். தட்டில் சோறு ஆறும்வரை சொல்லுவார். எனக்கோ அதைத் தொட்டாலே உள்ளங்கை சில்லிடும். அதன் உள்வளைவு ஒரு பக்கம் மட்டும் தேய்ந்திருந்தது. யாருடைய பாரம் அது, அந்த ஆள் ஊர் திரும்பினானா என்று கேட்டால், "போரையே தாங்கினது, உன்னைத் தாங்காதா?" என்பார்.

சரஸ்வதி பூஜைக்குக் கயிறு, கொக்கி எல்லாவற்றையும் படத்தின் முன் வைத்தோம். மறுநாள் விஜயதசமிக்கு லீவு போட்டிருந்தார். அந்தக் கொக்கியில் கயிற்றை மாட்டி என்னைப் பாறையிலிருந்து இறக்குவதாக ஏற்பாடு. வீட்டில் சந்தனம் தீர்ந்துபோயிருந்ததால் குங்குமத்தை நல்லெண்ணெயில் குழைத்துக் கொக்கியின் வளைவில் பொட்டு வைத்தேன். காலையில் அதை அழுந்தத் துடைத்தேன். வெறுமையாக எடுத்துப்போக மனமில்லாமல் அதே இடத்தில் திருநீறு பூசினேன்.

காப்பி போட்டுவிட்டு வந்து பார்த்தால், வெள்ளையின் நடுவே மயிரிழையாக ஒரு சிவப்புக் கோடு. துடைத்துவிட்டு மறுபடி பூசினேன். அதே இடத்தில் மெல்லக் கசிந்து வந்தது. இரும்புக்கு ரத்தம் வருமா?

"ஏங்க, இங்க வந்து பாருங்களேன்."

வந்தவர் கொக்கியை எடுத்து வெளிச்சத்தில் திருப்பிப் பார்த்தார். அவர் வேலை செய்யும் ரயில் பட்டறையில் தினமும் இதே சோதனைதான். சிவப்புச் சாயத்தைத் தடவித் துடைத்து, வெள்ளைப் பொடியைத் தூவினால், விரிசலுக்குள் ஒளிந்திருக்கும் சாயம் வெளியே வரும். ஊருக்குத்தான் உபதேசம். தன் செல்லக் கொக்கியை அவர் ஒரு நாளும் சோதித்ததில்லை. எனக்கு வந்த கோபம் கொஞ்சநஞ்சமல்ல. திட்டுவதற்கு வாயைத் திறந்தேன்.

அவர் கொக்கியைக் கீழே வைத்துவிட்டு என் முழங்கையைப் பிடித்துக்கொண்டார்.

"போன ஞாயித்துக்கிழமையும் இதுலதான் உன்னை இறக்கினேன். பாதி வழில நிறுத்தி போட்டோ எடுக்கச் சொன்னியே."

அந்தப் படத்தில் நான் இரண்டு கைகளையும் விட்டுவிட்டுச் சிரித்துக்கொண்டிருக்கிறேன்.